இதர விஷயங்கள்: எதுவும் எழவில்லை

8.6.1997, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இவ்விடம் நான் நலமே. அவ்விடம் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருப்பதையும், ஏப்ரல் 12ஆம் தேதி சனிக்கிழமை நான் லாரியில் ஏற்றிவிட்ட சக்கர நாற்காலியில் மாப்பிள்ளை யார் உதவியுமின்றி முற்றம்வரை வந்து வெயில் காய்ந்து செல்வதையும் நினைத்து மனம் நிறைகிறேன். உன் கடைசிக் கடிதம் மே 17 தேதியிட்டது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. தபால்காரரின் குறையாகவே அதைக் கொள்கிறேன்.

நிற்க. உன்னிடம் ஓர் உதவி வேண்டியே இதை எழுதுகிறேன். தங்கையிடம் உதவி கேட்டுப் பழகாதவன். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் செய்த சக்கர நாற்காலிகள் உடைந்து திரும்பி வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரே இடம்தான்: முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கவை. பட்டறையில் அதை ஃபோர்க் என்பார்கள். ஒட்டிய இடத்தில் விரிசல் கண்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்துவிடுகிறது. முதலாளி நேற்று என்னை அழைத்தார்.

"நம்ம நாற்காலியில உட்கார்றவங்க எழுந்து ஓட முடியாதவங்க சார். சக்கரம் போச்சுன்னா விழறதைத் தவிர அவங்களுக்கு வேற வழியில்ல. காரணத்தைக் கண்டுபிடிங்க. முடியலைன்னா செப்டம்பர் முப்பதோட பூட்டிடறேன். இன்னும் ஒருத்தர் விழுந்தாங்கன்னு கேட்டுட்டு என்னால தூங்க முடியாது."

பட்டறையை நம்பி முப்பது குடும்பங்கள் இருக்கின்றன. ஓய்வில் இருந்தவனைத் திரும்ப அழைத்து நிர்வாகியாக அமர்த்தியவர் அவர். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் இயலவில்லை.

காரணம் தெரிந்தவர் என் கூட்டத்தில்தான் இருக்க வேண்டும். திங்கள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு ஐவரை அழைக்கிறேன்: வெல்டர், பெயிண்டர் அம்மாள், சக்கரம் பூட்டும் ஃபிட்டர், ஸ்டோர்கீப்பர், விற்பனைப் பிரதிநிதி. கூட்டத்துக்கு வேண்டிய தாள்கள் அனைத்தையும் சனிக்கிழமையே தட்டச்சு செய்துவிடுகிறேன். மேஜைமேல் மணி ஒன்று வைத்திருக்கிறேன். இருந்தும், பிரதிநிதி ஒருவர் நீங்கலாக எவரும் வாய் திறப்பதில்லை. சிலைகளுக்குத் தலைமை தாங்குவதுபோல் இருக்கிறது. நீ வார்டில் தலைமை நர்ஸ். தினமும் காலையில் கூட்டம் நடத்துகிறவள். உன் ஆட்களைப் பேசவைக்க நீ என்ன செய்கிறாய்? விவரமாக எழுது.

அன்புடன்,
அண்ணன்

19.6.97

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் பாவம், அவரை விட்டுவிடுங்கள். உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையைத் தேதி போட்டு விழுங்குகிறவர் நீங்கள், மறக்க மாட்டீர்கள். சாப்பாடுதான் கவலை. இங்கே எல்லாம் இருக்கிறபடி இருக்கிறது.

என் கூட்டத்துக்கு மேஜை கிடையாது, நாற்காலி கிடையாது. காலையில் ஷிப்ட் மாறும்போது நோயாளியின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டே பேசுவோம். நான் கடைசியில்தான் வாயைத் திறப்பேன். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முதலில் தரை துடைக்கிற அம்மாவைத்தான் கேட்பேன். ஒரே கேள்வி. "நேத்து எதைப் பார்த்து உங்களுக்குத் திக்குனுச்சு?" ஒரு தடவை அந்த அம்மா, "ஏழாம் நம்பர் தாத்தா தண்ணி கேக்கவே இல்லம்மா, அதான்" என்றார். டாக்டர் அப்போதுதான் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போயிருந்தார். திரும்ப ஓடி வந்தார்.

கெட்ட செய்தி சொல்கிறவருக்கு நான் நன்றி சொல்வேன். அவ்வளவுதான் என் வித்தை. பேசினால் அடி விழாது என்று தெரிந்தால் யாரும் பேசுவார்கள், அண்ணா.

ஒன்று கேட்கிறேன். திரும்பி வந்த நாற்காலிகள் எந்த மாதம் செய்தவை? பார்த்து எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள்
தங்கை

24.6.1997, செவ்வாய்

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்பதை உன் 19ஆம் தேதிக் கடிதத்தால் உறுதிசெய்துகொண்டேன். மாப்பிள்ளை இப்போது மாலையிலும் முற்றத்துக்கு வரத் தொடங்கியிருப்பார். நாற்காலியின் பின்சக்கரத்துக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் விடச் சொல்.

உன் யோசனைகளை நேற்றைய கூட்டத்தில் முறைப்படி அமல்படுத்தினேன். எல்லாரும் பேச வேண்டும் என்றாய். ஆகவே பணியில் சேர்ந்த தேதியின் வரிசைப்படி ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினேன். நிகழ்ச்சி நிரலில் இரண்டாம் இனமாக "உற்சாகம்" என்பதைச் சேர்த்து, 3.05 முதல் 3.10 வரை நேரம் குறித்தேன். தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. ஐவரும் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றனர். 3.10க்கு மணி அடித்து உற்சாகத்தை முடித்துவைத்தேன்.

பிறகு உன் கேள்வியைக் கேட்டேன்.

"எதைப் பார்த்துத் திக்கென்று இருந்தது? ஸ்டோர்கீப்பர், சொல்லும்."

"மணியைப் பார்த்துத்தான் சார்."

மற்றவர்கள் குனிந்து சிரித்தார்கள். பட்டறையில் எனக்கு "மணியடிச்சான்" என்று பெயராம். நேற்றுதான் காதில் விழுந்தது. விற்பனைப் பிரதிநிதிக்கு "வானொலி" என்று பெயர். அவர் தம் இரண்டு நிமிடத்தில் ஊர் ஊராய்ப் பெற்ற வசவுகளையெல்லாம் ஒலிபரப்பினார். கடைசியாக வெல்டர். அவர் கையைப் பிசைந்தபடியே நிமிடத்தைக் கழித்துவிட்டு, முடியும் தறுவாயில், "சார், அந்த சூடு..." என்று தொடங்கினார். நேரமாகிவிட்டது, மணி அடித்தேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதானே.

நாற்காலிகள் செய்த மாதம் குறித்துக் கேட்டிருந்தாய். ஒவ்வொன்றின் இருக்கைக்கு அடியிலும் தேதி முத்திரை இருக்கும். அது என் ஏற்பாடு. ஆனால் திரும்பி வந்தவை ஸ்டோரில் அடுக்கப்பட்டுவிட்டன. அவற்றைப் புரட்டிப் பார்ப்பது இவ்வாரக் கூட்டத்தின் பொருளாக இல்லை.

அன்புடன்,
அண்ணன்

11.7.97

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேரம் தவறி எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் சுகமா?

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இந்த வீட்டில் யாரும் சிரித்து நாளாயிற்று, அதற்கு நன்றி. பிறகு மறுபடி படித்தேன். சிரிப்பு வரவில்லை.

அந்த மணியைத் தூக்கிக் கிணற்றில் போடுங்கள் அண்ணா. வெல்டர் "சூடு" என்று சொன்னாரே, அடுத்து என்ன சொல்ல வந்தார்? ஒரு மனிதர் மாதக்கணக்கில் மென்று விழுங்கியதை வாய்க்குக் கொண்டுவந்திருக்கிறார். நீங்கள் அதை மணியடித்து உள்ளே அனுப்பிவிட்டீர்கள். அவரைக் கேளுங்கள். தனியாகக் கேளுங்கள், கையில் தாளில்லாமல்.

நாற்காலிகளைப் புரட்டிப் பாருங்கள். இதற்குக் கூட்டம் எதற்கு? குனிந்தால் போதும்.

அவர் தூங்குகிறார். இப்போதெல்லாம் பகலிலும் தூங்குகிறார்.

தங்கை

22.7.1997, செவ்வாய்

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளைக்குப் பகலிலும் நல்ல உறக்கம் வருகிறது என்றறிந்து மகிழ்ச்சி. முற்றத்துக் காற்று செய்யும் உபகாரம் அது.

எனக்கு உறக்கம் இல்லை. சென்ற புதன்கிழமை, ஜூலை 16, ஒரு பெண்மணி உடைந்த நாற்காலியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். அவருடைய தாயார் விழுந்து முன்பல் இரண்டும் போயிற்றாம். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. "நல்லா பாத்துத்தான் வாங்கினேன். பெயிண்ட் எல்லாம் அவ்வளவு அழகா இருந்துச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பெயிண்டர் அம்மாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே போய்விட்டார்.

மணியை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் மேஜைக் கடிகாரம் வைத்திருக்கிறேன். நேற்றைய கூட்டத்துக்கு முதலாளியும் வந்து அமர்ந்தார். நான் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "யாருக்காவது எதாவது தெரிந்தால் சொல்லுங்கள்." ஐந்து பேரும் தங்கள் முன்னிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தனர். வானொலி மட்டும், "போட்டிக் கம்பெனிக்காரன் கெடுக்கறான் சார்" என்றார். முதலாளி எழுந்து போய்விட்டார். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினார்.

வெல்டரைத் தனியாகக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கூட்டத்துல முடிவானது சார். அதுக்கு மேல நான் என்ன சொல்றது?" என்றார். எந்த முடிவு என்று கேட்டதற்கு, "எல்லாம் நீங்க எழுதினதுதானே" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். என்ன பொருளில் சொன்னார் என்று விளங்கவில்லை.

பதில் எழுது. தாமதிக்காதே.

அண்ணன்

12.8.1997, செவ்வாய்

அன்புத் தங்கைக்கு,

ஜூலை 11க்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நலமாயிருப்பவர்கள் கடிதம் எழுதுவதில் சோம்பல் காட்டுவது இயல்பே. ஆகவே நீங்கள் நலம் என்று கொள்கிறேன்.

மேலும் நான்கு நாற்காலிகள் வந்துவிட்டன. ஆஸ்பத்திரி ஒன்று தன் ஆர்டரை ரத்து செய்துவிட்டது. ஃபிட்டர் வேறிடத்தில் வேலை தேடுவதாகக் கேள்வி. நான் சாப்பிட உட்கார்ந்தால் சோறு தொண்டையில் நிற்கிறது.

நேற்றைய கூட்டத்தின் குறிப்பு நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆகஸ்ட் 9 சனிக்கிழமையன்று மிகுந்த கவனத்துடன் தட்டச்சு செய்தது. நடத்தும் முறையில் எங்கே பிழை இருக்கிறது என்று நீயே பார்த்துச் சொல். எனக்கு எதுவும் புலப்படவில்லை.

அண்ணன்

20.8.97

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோறு இறங்காவிட்டால் கஞ்சியாவது குடியுங்கள்.

நகலைப் பார்த்தேன். தேதியை இரண்டு தடவை பார்த்தேன். கூட்டம் திங்கட்கிழமை. அதில் யார் என்ன பேசினார்கள், என்ன முடிவானது என்ற குறிப்பைச் சனிக்கிழமையே எழுதிவிட்டீர்களா? "தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின." யாருடைய மனது அண்ணா? அவர்கள் அப்போது அவரவர் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

கடைசி வரியைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு நின்றது. "இதர விஷயங்கள்: எதுவும் எழவில்லை." இதை அச்சடித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள் பேசுங்கள் என்கிறீர்கள். பேசினால் உங்கள் தாள் பொய்யாகிவிடுமே. மணியடிச்சானின் தாளைப் பொய்யாக்க யாருக்குத் துணிச்சல் வரும்? வெல்டர் உங்களிடம் சொன்னது இதைத்தான்.

அடுத்த திங்கட்கிழமை வெறும் தாளோடு போங்கள். கடிகாரமும் வேண்டாம். உடைந்த ஒரு நாற்காலியை நடுவில் வையுங்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் பேசாவிட்டால் நீங்களும் பேசாதீர்கள். அந்த அமைதி உங்களை எவ்வளவு அறுத்தாலும் பேசாதீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணா. சீக்கிரம்.

தங்கை

26.8.1997, செவ்வாய்

தங்கைக்கு,

உன் 20ஆம் தேதிக் கடிதம் நேற்று கிடைத்தது. அதன் தொனி எனக்கு உவப்பாயில்லை.

முன்கூட்டியே எழுதப்படாத குறிப்பு கந்தரகோளமாக முடியும். என்ன முடிவு வர வேண்டும் என்று தலைவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் அந்த இடத்தில் உட்காரக் கூடாது. பணிக்காலம் முழுவதும் இம்முறையிலேயே நடத்திவந்திருக்கிறேன். ஒரு கூட்டமும் நேரம் தவறியதில்லை. மார்ச் 3ஆம் தேதிக் கூட்டத்தில் உற்பத்தியை விரைவுபடுத்த நான் கொண்டுவந்த தீர்மானத்தை முதலாளியே பாராட்டினார். அதுவும் இம்முறையில் எழுதப்பட்டதுதான். வெறும் தாளோடு போய் அந்த ஐவர் முன் வாய்மூடி உட்கார்ந்தால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நானே பறைசாற்றியது போலாகும்.

நீ சொல்வது எளிது. வீட்டில் கவலை இல்லாதவள். மாப்பிள்ளை நாற்காலியில் அமர்ந்து முற்றத்தில் வெயில் காய்கிறார். உன் காலம் நிம்மதியாகக் கழிகிறது. மூழ்குகிறவனின் தவிப்பு கரையில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை.

செப்டம்பர் 30க்கு இன்னும் ஐந்து திங்கட்கிழமைகள் இருக்கின்றன.

அண்ணன்

4.9.97

அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மே மாதம் 30ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. தேதியைச் சரியாகச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதானே வேண்டும். முற்றத்தில் இறங்கும் சின்னச் சரிவில் அவர் தானாகவே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கரும்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் நாற்காலி மூக்கால் விழுந்து கிடக்கிறது, அவர் அதற்கு முன்னால் கிடக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அன்றிலிருந்து லீவில் இருக்கிறேன். அன்றிலிருந்து அவர் படுக்கையில்தான். எலும்பு ஒட்டவில்லை. முதுகில் புண் வந்துவிட்டது. எத்தனை பேருக்கு முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டவள் நான். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார். அதைத்தான் பகல் தூக்கம் என்று எழுதினேன்.

சொல்லக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். "உங்க அண்ணன் ஆசையா அனுப்பினது. தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார். விடு" என்றார். பட்டறை பூட்டப்போகிறது என்று நீங்கள் எழுதியதும் என்னாலும் வாய் திறக்க முடியவில்லை. காரணத்தை நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டால் இதைச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்காகத்தான் அந்தக் கேள்வியெல்லாம் கேட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு கடிதத்தையும் நீங்கள் எப்படித் தொடங்குகிறீர்கள், அண்ணா? நாங்கள் நலம், அவர் முற்றத்தில் வெயில் காய்கிறார். எங்களைக் கேட்காமல் எங்கள் பதிலையும் நீங்களே எழுதிவிடுகிறீர்கள். அதற்குக் கீழே நான் எங்கே எழுதுவது?

இருக்கைக்கு அடியில் பார்த்தேன். 27.3.97.

தங்கை

16.9.1997, செவ்வாய்

தங்கைக்கு,

உன் கடிதம் செப்டம்பர் 9ஆம் தேதி மாலை கிடைத்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. ஆகவே நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை நான் எதையும் தட்டச்சு செய்யவில்லை. ஞாயிறன்று ஸ்டோரைத் திறந்து, திரும்பி வந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். குனிந்தால் போதும் என்றாயே. குனிந்தேன். எல்லா முத்திரையும் மார்ச் 3க்குப் பிந்தியவை. அதற்கு முந்தியது ஒன்றுகூட இல்லை.

திங்கள் மூன்று மணிக்குக் கூட்ட அறையைத் திறக்கவில்லை. வெல்டிங் நடக்கும் இடத்தில், உடைந்த நாற்காலி ஒன்றைத் தரையில் கவிழ்த்துவைத்து, ஐவரையும் அங்கே வரச் சொன்னேன். என் கையில் ஒரு தாள், ஒரு பென்சில். "இதே போன்ற நாற்காலியிலிருந்து என் தங்கையின் கணவர் விழுந்து மூன்று மாதத்துக்கு மேலாகிறது. இனி எழுந்திருப்பாரா என்று தெரியாது. ஏன் உடைகிறது? எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

பிறகு பேசவில்லை. நீ எழுதிய அமைதி வந்தது. அது என்னை அறுக்கும் என்றாய். அறுத்தது. கை தானாகவே மணி இருக்கும் இடத்தைத் தேடியது.

முதலில் பெயிண்டர் அம்மாள்தான் அசைந்தார். "சார், அது நிஜமாவே எழுதாத பேப்பரா?"

காட்டினேன்.

"பின்பக்கமும் காட்டுங்க சார்," என்றார் ஸ்டோர்கீப்பர். புரட்டிக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

வெல்டர் கவிழ்ந்திருந்த நாற்காலியின் பக்கத்தில் குந்தினார். முறிந்த இடத்தை விரலால் தடவியபடி, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மார்ச் மூணாந்தேதி போட்டீங்க சார், ஒட்டின பாகம் அன்னிக்கே பெயிண்டுக்குப் போயிடணும்னு. ஒட்டினா இரும்பு தானா ஆறணும் சார். அவசரப்படுத்தக் கூடாது. நாலு மணிக்கு ஒட்டினதை அஞ்சு மணிக்குள்ள நான் எப்படிக் கொடுக்கறது? தண்ணித் தொட்டியில முக்கிட்டேன். சுர்ருனு ஒரு சத்தம், அவ்வளவுதான், ஆறிடும். ஆனா ஒட்டு கண்ணாடி மாதிரி உடையற பதத்துக்கு ஆயிடும். கண்ணுக்குத் தெரியாது."

"சூடா இருந்தா பெயிண்ட் கொப்பளிக்குது," என்றார் பெயிண்டர் அம்மாள். "தண்ணியில முக்கிக் கொடுங்கன்னு நான்தான் சொன்னேன். அவர் மேல மட்டும் போட்டுடாதீங்க சார். அன்னிக்கு வாசல்ல வந்த அந்தம்மா பெயிண்ட் அழகா இருந்துச்சுன்னு சொன்னாங்களே, அதுலேர்ந்து எனக்குப் பிரஷ் பிடிக்கக் கை வரலை."

"பூட்டும்போதே சிலது டிக்குனு சொல்லும் சார்," என்றார் ஃபிட்டர். "நான் காதை மூடிக்கிட்டேன்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

வெல்டர் நிமிர்ந்தார். "சொன்னேன் சார். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. முதல் தடவை 'அது நிகழ்ச்சி நிரல்ல இல்ல'ன்னீங்க. ரெண்டாவது தடவை மணி அடிச்சீங்க."

வானொலி நேற்று ஒரு சொல்லும் பேசவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர்தான் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர்.

கெட்ட செய்தி சொன்னவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். சொன்னேன். பிறகு குறிப்பை அங்கேயே நின்று கையால் எழுதினேன். "மார்ச் 3ஆம் தேதித் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நிர்வாகி. எவரும் பேசுமுன் அது எழுதப்பட்டது. அதனால்தான் ஃபோர்க் முறிகிறது." ஏகமனதாக என்ற சொல்லை எழுதவில்லை. எல்லாரும் வாசித்தபின் நான் மட்டும் கையெழுத்திட்டேன். மாலை அதை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் படித்தார், மறுபடி படித்தார், மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

நான் அனுப்பியதுதான். ஆசையாக, நானே கயிறு கட்டி ஏற்றிவிட்டேன்.

அண்ணன்

1.10.1997, புதன்

தங்கைக்கு,

செப்டம்பர் 16க்கு நீ பதில் எழுதவில்லை. அதற்கு ஒரு காரணத்தை நானே எழுதிக்கொள்ள மாட்டேன்.

நேற்று 30ஆம் தேதி. முதலாளி புதிய ஆர்டர் புத்தகத்தை மூடிவிட்டார். மார்ச் 3 முதல் செய்த நாற்காலிகள் அனைத்தையும் திரும்ப அழைக்கும்படி 17ஆம் தேதியே சொல்லிவிட்டார். இனி எவரும் விழுமுன் அவை வந்துசேர வேண்டும். கடைசி நாற்காலிக்கு ஃபோர்க் மாற்றும்வரை பட்டறை திறந்திருக்கும். அதற்குப் பிறகு? "தெரியல சார்" என்றார். நான் ராஜினாமா கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. "கடைசி நாற்காலி வந்து சேரட்டும். அதுவரைக்கும் நீங்க எங்கயும் போகக் கூடாது" என்றார். அது மன்னிப்பா தண்டனையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் இல்லை, வேலை.

வானொலி வீடு வீடாகப் போகிறார். சில விலாசங்களில் ஆள் இல்லை. தினமும் காலையில் வந்திறங்கிய நாற்காலியைச் சுற்றி நிற்கிறோம். முதலில் ஃபிட்டர் பேசுகிறார். நான் கடைசியில் பேசுகிறேன். பல நாள் பேச ஒன்றும் இருப்பதில்லை. வெல்டர் ஒட்டியதை அப்படியே ஆறவிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். மறுநாள்தான் தொடுகிறார். நேரம் ஆகிறது. ஆகட்டும் என்றிருக்கிறேன்.

மாப்பிள்ளையின் நாற்காலியை எடுத்துவர ஆள் அனுப்பட்டுமா, அல்லது நானே வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இத்தனை காலமாக உனக்கு எழுதிய கடிதங்களில் ஒருமுறையேனும் கேட்டேனா என்று நகல்களை எடுத்துப் பார்த்தேன். நலம் கேட்ட கேள்விக்குறி ஒன்றிலும் இல்லை. ஆகவே இப்போது கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? இத்தாளின் கீழ்ப்பகுதியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதிலேயே எழுதித் திருப்பி அனுப்பு. எனக்கு எதுவும் தெரியாது.

அண்ணன்

9.10.97, அதே தாளில்

அண்ணா,

நாங்கள் நலமில்லை.

அவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். புண் ஆழமாகிவிட்டது. பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் கேஸ் தாளில் மட்டும் எழுதிவிட்டுப் போனார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். எத்தனையோ பேருடைய மனைவிமாருக்கு அதை நான்தான் மெதுவாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லத்தான் இங்கே யாருமில்லை. சமையலறையில் நின்றுகொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உங்கள் கடிதங்கள் இரண்டையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். சுவரிலிருந்து முகத்தைத் திருப்பிக் கேட்டார். வெல்டர் பேசிய இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "பாவம் அந்த ஆளு. எவ்வளவு நாளா வாய்க்குள்ளயே வச்சிருந்திருக்காரு" என்றார். பிறகு, "உங்க அண்ணனை வரச் சொல்லு. நாற்காலிக்கு இல்ல. சும்மா வந்து உட்காரச் சொல்லு" என்றார். வந்தால் எதையும் எழுதிக்கொண்டு வராதீர்கள்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விட்டிருந்த இடம் போதவில்லை. பின்பக்கம் பாருங்கள்.